கும்பிடக்கூடாத கல்லறை

சிஸ்டர் கெத்தரினுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒருவரைப் புனிதராக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அவரைப் புனிதராக யாரும் கும்பிடக் கூடாதாம். ஆயர் இல்லத்துக் கடிதம் அப்படித்தான் சொன்னது. நோபர்ட் சாமியின் கல்லறையில் விளக்கோ, ஒளிவட்டம் போட்ட படமோ இருந்தால் விசாரணையே நின்றுபோகும். நாளைக்குக் கல்லறையைப் பார்க்கப் பல்லேபொலவுக்கு ஒரு ஃபாதர் வருகிறார்.

பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போக, தேயிலைத் தோட்டத்து லயத்தில் தனியே கிடந்த கிழடுகளை முதுகில் சுமந்து வந்த பாதிரியார் நோபர்ட் சாமி. அவர்களைக் கழுவித் துடைக்க நாலு பெண்களைச் சேர்த்தார், அதுவே கன்னியர் சபையானது. நால்வரில் மிச்சம் கெத்தரின்தான். சாமியைப் பீடத்தில் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், வேறு ஆசை கிடையாது.

கல்லறைக்குப் போனால் பகீரென்றது. விளக்கு, தேங்காய்ச் சில், நேர்ச்சைத் தொட்டில், தலையைச் சுற்றி மஞ்சள் வட்டத்தோடு படம். போதாக்குறைக்குப் பரிமளம் மாலையோடு வந்து நின்றாள். அலுவிகாரையில் கடை வைத்திருப்பவள். டெங்கில் கிடந்த மகனைப் பிழைக்க வைத்தது இந்தச் சாமிதான் என்று அடித்துச் சொல்வாள்.

“மாலை வேணாம்மா. கும்பிட்டா அவரு புனிதராக முடியாதாம்.”

“கும்பிடக் கூடாதுன்னா, புனிதராகி என்னங்க சிஸ்டர் செய்யப் போறாரு?”

“நாளைக்கு ஃபாதர் பார்க்க வாறாரும்மா, இதெல்லாம் இருக்கக் கூடாது” என்றார் கெத்தரின். பரிமளம் ஒன்றும் புரியாமலே சேலையைச் சொருகிக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளிக் கட்டினாள், கல்லைத் தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் வந்த ஃபாதர், கழுவின கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற பரிமளத்திடம் கேட்டார். “ஜனங்க இங்க வாறாங்களா?”

“ஒரு ஈ காக்கா வாறதில்லீங்க ஃபாதர்! இவரு யாருன்னே ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.” சொல்லிவிட்டுக் கெத்தரினைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

ஃபாதரின் முகம் வாடியது. “ஊரே மறந்தவருக்கு விசாரணை எதுக்கு சிஸ்டர்? ஜனங்க மனசில அவரு இருக்கணுமே.”

கும்பிடவும் கூடாது, மறக்கவும் கூடாது. கெத்தரினுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று. சாட்சி சொல்ல அறைக்குள் போய்ப் பைபிளில் கை வைத்ததும் விளக்கு, மாலை, நேற்றுக் கழுவியது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அப்ப நான் எதைத்தான் எழுதுறது?”

“தெரியல ஃபாதர். சத்தியமா எனக்குத் தெரியல.”

ஃபாதர் கோப்பை மூடினார். “இப்ப நிறுத்தி வைக்கத்தான் வேணும். பத்து வருஷம் போகட்டும், பார்ப்போம்.”

எழுபத்தோரு வயதில் பத்து வருஷத்துக்கு எங்கே போவது? கெத்தரின் வெளியே வந்தார். பரிமளம் ஓடி வந்தாள்.

“நான் சரியாத்தானே சிஸ்டர் சொன்னேன்? சாமிக்கு ஒண்ணும் கெடுதல் வராதே?”

சத்தியம் செய்த கையாலேயே கெத்தரின் அவள் கன்னத்தைத் தொட்டார்.

“சரியாத்தாம்மா சொன்ன. எல்லாம் நல்லா முடிஞ்சுது.”