நாலாவது நாற்காலி

அலுவலகத்தில் அவளை ஃபைல் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஒரு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பாள் என்பதால் கொள்முதல் பிரிவின் பெரியக்கா வைத்த பெயர். பதினொரு வருடத்தில் சொந்தப் பெயர் அவளுக்கே அந்நியமாகிவிட்டது.

குளிரில் வியாபாரம் படுத்துவிடும் இரண்டு வாரம், நகரத்து உணவகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு விழா நடத்தும். எவ்வளவு பெரிய இடமானாலும் ஒரே விலை. ஒரு சூப், ஒரு பெரிய தட்டு, ஒரு இனிப்பு. பெரியக்கா, வரவேற்பறைப் பெண், கணக்காளர், இன்னொரு தோழி என்று நாலு பேர் வருடாவருடம் ஐந்தாறு இடம் ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கணக்காளரின் குட்டி நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் விழும். மறுநாள் அந்தக் கதையை ஆபீஸே வாய் பிளந்து கேட்கும். ஃபைலும் கேட்பாள், தள்ளி நின்று.

இந்த வருடம் பெரியக்கா அவளிடமே வந்து, "சனிக்கிழமை மத்தியானம் சும்மாதானே இருப்ப? எங்களோட சாப்பிட வாயேன்" என்றாள். ஃபைலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுடைய கம்பளிக் கோட்டை இரவல் வாங்கினாள்.

ஆனால் அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. வியாழக்கிழமை மேலாளர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருந்தார். கொள்முதல் பிரிவை மூடுகிறார்கள். ஏழு பேருக்கு வேலை போகிறது. முதல் பெயரே பெரியக்காவுடையது. "வெளிய மூச்சு விட்டா எட்டாவது பேரு உன்னோடதுதான்" என்றிருந்தார் மேலாளர். ஆனாலும் பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துவிட்டாள். மனுஷியாக மதித்துக் கூப்பிட்டவளிடம் சொல்லாமல் இருப்பது பாவம்.

உணவகத்தில் எல்லாரும் கோட்டைக் கழற்றி மாட்டினார்கள். உள்ளே போட்டிருந்த சட்டையில் தையல் விட்டிருந்ததால் ஃபைல் மட்டும் கழற்றவில்லை. காளான் சூப் வந்தது. கூடவே கையளவு ரொட்டிகள். ஒன்றை அம்மாவுக்கென்று நைசாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வேற கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. இன்னைக்கு நாலு மணிக்குள்ள பதில் சொல்லணும்" என்றாள் பெரியக்கா. "ரெண்டு பஸ் மாறணும். மத்தியானம் ஓடிப்போய் இவருக்கு ஒரு வாய் ஊட்டிட்டு வர முடியாது. அதான் யோசனை."

வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் தன் கணவரைத்தான் அவள் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பெரியக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஃபைல் எழுந்தாள்.

திரும்பி வரும்போது, கோட்டுகள் தொங்கிய தட்டிக்குப் பின்னால் அவள் கால் நின்றது.

"இதை எதுக்குக்கா இழுத்துட்டு வந்தீங்க?" வரவேற்பறைப் பெண்ணின் குரல்.

"நம்ம நாலாவது ஆளு கடைசி நேரத்துல வரலைன்னுட்டா. நாலு பேர் இல்லன்னா மேசையை ரத்து பண்ணிடுவான். பொம்மைய உக்கார வச்சா சர்வர் ஒத்துக்குவானா?" என்றாள் பெரியக்கா.

சிரிப்பு. கணக்காளர் நோட்டைத் திறந்தார். "ஃபைலுக்கு எவ்ளோ போடலாம்?"

"பத்துக்கு ரெண்டு. அதுவும் கோட்டுக்கு." பெரியக்கா ஒரு ரொட்டியை எடுத்து, திருட்டு முழி முழித்து, மடியில் ஒளிப்பதுபோல் நடித்துக் காட்டினாள். வரவேற்பறைப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபைல் மனதுக்குள் இருபது எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மீன் தட்டு வந்தது. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள்.

சிரித்த களை இன்னும் முகத்தில் இருக்க, பெரியக்கா அவள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு ஃபைலு. மேலிடத்துக் காகிதமெல்லாம் உன் கை வழியாத்தானே போகுது. போகட்டுமா, இருக்கட்டுமா?"

ஃபைல் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தாள்.

"போகாதீங்கக்கா. உங்களை விட்டா அந்தப் பிரிவுல யாரு இருக்கா? மேலாளர் வாயிலயே உங்க பேருதான் முதல்ல வருது."

பெரியக்காவின் முகம் பூவாய் மலர்ந்தது. "நிஜமாவா?"

"நானே என் காதால கேட்டேன்க்கா."

இனிப்பு வருவதற்குள் பெரியக்கா அங்கேயே போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வேகவைத்த பேரிக்காயும் பாலாடையும் வந்தன. ஃபைல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். அவ்வளவு ருசியாக எதையும் அவள் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு உறைகளோடு கொள்முதல் பிரிவுக்குப் போனாள். பெரியக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். உடனே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாள். சனிக்கிழமையே வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமையே தெரியும்க்கா."

"அப்புறம் ஏண்டி... அவர் மருந்துக்கே நான் சம்பாதிச்சாத்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ரெண்டு இடத்துல கையெழுத்துப் போடணும்."

பெரியக்கா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இரக்கம் வந்துவிடுமோ என்று ஃபைலுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. நின்று பார்த்தாள். வரவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வரவேற்பறைப் பெண்ணும் கணக்காளரும் அவளைக் கண்டாலே எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பயத்தில்தான். அவளுக்கு அது போதுமாயிருந்தது.