பாறைமேல் வகுப்பு

விடிகிற நேரத்திலேயே நாலாம் நம்பர் மலையில் நிற்போம். பனியில் நனைந்த செடி இடுப்பில் உரச, உடம்பில் சுற்றிய முரட்டுப் படங்குச் சாக்கையும் தாண்டிக் குளிர் ஏறும். காலில் அட்டை ஏறினால் குனிந்து பிடுங்கக்கூட நேரமில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். விறைத்த விரலுக்குக் கொழுந்தும் தெரியாது, காம்பும் தெரியாது. தேநீர் குடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது!

அன்று சனிக்கிழமை. எங்கள் நிரைக்கு மேலேயுள்ள கரும்பாறையில் ரூபிகா ஏறிக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண், தோட்டத்து முன்பள்ளி டீச்சர். என் மகள் லோஜினிக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "வளர்ந்தா சரியாயிரும்" என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். ரூபிகாதான் விடவில்லை. பேச்சு வராத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பதென்று, கொழும்பில் ஒரு நிபுணர் டீச்சர்மாருக்கு இணையத்தில் வகுப்பு நடத்துகிறார் என்று அறிந்து, அதில் சேர்ந்துகொண்டாள். கொழும்பில் போய்த் தங்கிப் படிக்க எங்கள் பெண்களால் ஆகுமா? போனிலேயே வருகிறதென்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் லயத்திலும் முன்பள்ளியிலும் சிக்னல் கிடையாது. தோட்டத்து ஆபீசில் வைஃபை இருக்கிறது. "ஒரு மூலையில உக்காந்து படிச்சுக்கிறேன் ஐயா" என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்க் கேட்டாள். "ஆபீஸ் என்ன பள்ளிக்கூடமா?" என்றார் அவர். பிறகு சிக்னல் எட்டுகிற பாறையைத் தவிர அவளுக்கு வேறு போக்கில்லை.

"என்னடி, கல்யாண வீட்டுக்குக் கெளம்பின மாதிரி சேலையெல்லாம் பளபளக்குது?" என்று கீழிருந்து கேலி செய்தேன்.

"போங்கக்கா! கேமராவுல மொகம் தெரியும்ல. தோட்டத்துக்காரின்னு எளக்காரமா நெனச்சிரக் கூடாது."

சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. குளவி! படங்கைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு செடிக்குள் குப்புற விழுந்தோம். கூட்டம் கலைந்ததும் பாறைக்கு ஓடினேன். முகமெல்லாம் வீங்கிக் கிடந்தாள். அள்ளி எடுத்தபோதுதான் பவுடரும் வாசனை எண்ணெயும் மணந்தன. மலைக்குப் போகிற நாங்கள் யாரும் வாசனை பூச மாட்டோம், குளவிக்கு ஆகாது. மலையிலேயே பிறந்து வளர்ந்த பெண், வகுப்பு நினைப்பில் அதை மறந்துவிட்டாள்.

பக்கத்தில் கிடந்த போனில் ஒரு பெண்குரல் கேட்டது: "ரூபிகா டீச்சர், உங்க பக்கம் சத்தம் அதிகமா இருக்கு. மைக்கை நிறுத்திடுங்க."

"புள்ள சாகப் போறாளேம்மா!" என்று கத்தினேன்.

மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டுபோகும் வழியிலேயே, என் மடியில் அவள் உயிர் போய்விட்டது. பாவி மகளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை.

அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் துரை பேசினார். "ரூபிகா நம்ம செக்ரோல் சம்பளப் பதிவுல இல்ல. அவங்களாத்தான் பாறையில ஏறியிருக்காங்க. தோட்டம் இதுல என்ன செய்ய முடியும்?"

சங்கத் தலைவி அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள். "பணம் காசு கேக்கலைங்கய்யா. மத்த டீச்சர் வினோதா அந்த வகுப்பப் படிக்கணும். ஆபீசு வராந்தாவுல எடம் குடுங்க."

"இன்னைக்கு வராந்தா, நாளைக்கு என் நாற்காலியக் கேப்பீங்க!"

"நாற்காலி எங்களுக்கு எதுக்குங்க? நின்னே பழகிட்டோம்."

"வேலைக்குப் போங்க. இல்லாட்டி எல்லாருக்கும் இன்னைக்குப் பேரை வெட்டிருவேன், சம்பளம் கிடையாது."

"வெட்டுங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது. "எம் மக பேசணும்ங்க. அவளுக்குச் சொல்லிக் குடுத்தவ பாறையில போயிட்டா. அடுத்தவளையும் அங்கயே ஏத்திவிடச் சொல்றீங்களா?"

கூடைகளை இறக்கிவைத்து உட்கார்ந்தோம். முன்பள்ளி திறக்காததால் கூட்டிவந்த லோஜினியை மடியில் வைத்துக்கொண்டேன். எங்களை விரட்ட வந்த கங்காணி சிவசாமியும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். துரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்களோடு உட்கார்ந்திருந்த வினோதாவின் போன் அடித்தது. பெரட்டுக்களத்துச் சிக்னலில் பேசலாம், படம் ஓடாது. வகுப்பு நடத்துகிற கொழும்பு அம்மாதான், வினோதா செய்தி அனுப்பியிருந்தாள். வினோதா சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

"அன்னைக்கு நான் மைக்கை நிறுத்தச் சொன்னேனே..." என்று அந்த அம்மா அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "படம் பார்க்காம பாதிதான் விளங்கும். உங்க துரைக்கு நானும் எழுதுறேன். அதுவரைக்கும் விளங்கின மட்டும் கேளுங்க. பிள்ளை எதையாவது காட்டினா, உடனே எடுத்துக் குடுத்திடாதீங்க. அதோட பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டுக் காத்திருங்க. பிள்ளைக்காக நீங்க பேசிடாதீங்க."

இத்தனை வருஷமாக லோஜினிக்கு நாங்கள் செய்ததெல்லாம் அதுதானே, அவளுக்காக நாங்களே பேசினது!

மடியிலிருந்த லோஜினி என் கையைப் பிடித்து இழுத்து, பூட்டிக்கிடந்த முன்பள்ளியைக் காட்டினாள். ரூபிகாவைத்தான் தேடுகிறாள். எப்படிச் சொல்வேன், யாரிடம் சொல்வேன்?

"டீச்சர்" என்றேன். அந்த அம்மா சொன்னபடி, வேறொன்றும் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன்.

களத்திலிருந்த அத்தனை பேரும் லோஜினியின் பக்கம் திரும்பினார்கள். ஜன்னலில் துரை நின்றிருந்தார். லோஜினி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மழை பிடித்துக்கொண்டது. யாரோ படங்கை விரித்து எங்கள் இருவர் தலைக்கும் மேலே பிடித்தார்கள்.

யாரும் எழுந்து போகவில்லை.