தெற்குத் தெருக்களுக்கு மட்டும் வேறு சூரியன்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாத இதழ் ஆசிரியர் அழைத்தார். "பகல் ஏன் ஒரு மாசம் நீளமா இருக்கு, ஒரு மாசம் குட்டையா இருக்கு? இதை வெச்சு ஒரு கதை வேணும். பாடம் மாதிரி இருக்கக் கூடாது. ஆனா புரியணும். கொஞ்சம் அழ வெச்சா ரொம்ப நல்லது" என்றார். சூரியனை வைத்து அழவைக்க வேண்டுமாம். வாசகர்களை வெயிலில் நிறுத்தினால் போதாதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. "எனக்கு அப்படி ஒரு கதை தெரியும்" என்று சொல்லித் தொலைத்தேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் தோழி சொன்ன கதை அது. அவளுடையது, என்னுடையது அல்ல.

2

முதல் தொடக்கம்: "பூமி தன் அச்சில் இருபத்து மூன்றரை பாகை சாய்ந்தபடி..." எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று மாலை இருள் சற்று முன்னதாகவே..." எல்லாக் கதைகளிலும் இருள் இப்படித்தான் வந்து தொலைக்கிறது. இதுவும் போகட்டும்.

மூன்றாவது: "டிசம்பரில் அந்த ஊரின் பாதிக்குச் சூரியன் ஐந்து மணிக்கு மறைந்தது. மறு பாதிக்கு ஏழு மணிக்கு." இது பச்சைப் பொய். ஆனால் தெருவிளக்குகள் அப்படித்தான் நம்பின. ஆகவே இருக்கட்டும்.

3

தோழியை நாங்கள் விளக்குக்காரி என்போம். நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவின் மேற்பார்வையாளர். முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்பத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, விளக்கு எரியும் நேரத்தைச் சில நிமிடம் முன்னேயோ பின்னேயோ நகர்த்திவைப்பாள். சூரியன் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வராது, போகாது. அதன் பின்னாலேயே இவள் சாவிக்கொத்தோடு அலைவாள்.

சென்ற மார்ச் மாதக் கடைசியில் புதுப் பெட்டிகள் வந்தன. ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்தி எப்போது, விடியல் எப்போது என்று ஆண்டு முழுக்க அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். தேதி, மணி, நிறுவனம் துண்டுச் சீட்டில் கொடுத்த ஓர் எண், எல்லாவற்றையும் விளக்குக்காரி தன் கையாலேயே பதித்தாள். கடைசியாகத் திரையில் ஒரு வட்டம் வந்தது. நடுவே குறுக்குக் கோடு. மேல் பாதியா, கீழ்ப் பாதியா? அம்புக்குறியை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

(இந்த மர்மத்தை ஒளித்துவைத்துக் கடைசியில் அவிழ்க்கலாம். அதற்குப் பொறுமை எனக்கில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

அவள் அலுவலகச் சுவரில் ஊர் வரைபடம் தொங்குகிறது. சுற்றுச் சாலை வட்டமாக இருக்கும். நடுவே குறுக்காக ரயில் பாதை ஓடும். பாதைக்கு மேலே வடக்குத் தெருக்கள், கீழே தெற்குத் தெருக்கள். இருபது வருடமாக அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்ணுக்கு, வட்டமும் குறுக்குக் கோடும் வேறு என்னவாகத் தெரியும்? வடக்குத் தெருப் பெட்டிகளில் மேல் பாதியை அழுத்தினாள். தெற்குத் தெருக்களின் பத்தொன்பது பெட்டிகளிலும் கீழ்ப் பாதியை அழுத்தினாள். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

பெட்டி கேட்டது ஊரை அல்ல, பூமியை. நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கும் ஊரில் தெற்குத் தெருக்கள் மட்டும் அன்றோடு பூமியின் கீழ்ப் பாதிக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

4

இங்கே சாய்வை விளக்கியாக வேண்டும். ஆசிரியரின் கட்டளை.

ஒரு வெங்காயத்தில் பின்னல் ஊசியைச் செருகினேன். சாப்பாட்டு மேசை நடுவே விளக்கை வைத்தேன். ஊசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அந்தச் சாய்வு ஒரே திசையைப் பார்த்தபடி இருக்க, மேசையைச் சுற்றி நடந்தேன். ஒரு பக்கம் நிற்கும்போது வெங்காயத்தின் தலை விளக்கை நோக்கிக் குனிகிறது. மேல் பாதிக்கு நீண்ட பகல், கீழ்ப் பாதிக்குக் குட்டைப் பகல். எதிர்ப் பக்கம் போனால் அப்படியே தலைகீழ். இடையில் இரண்டு இடங்களில் தலையும் விளக்கை நோக்கிக் குனிவதில்லை, அடியும் குனிவதில்லை. அவைதாம் மார்ச் கடைசியும் செப்டம்பர் கடைசியும். அப்போது உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். வெங்காயத்தின் இடுப்பில் குடியிருப்பவர்களுக்கு எந்த மாதமும் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரப் பகல்தான். இடுப்பைவிட்டு விலக விலக வித்தியாசம் கூடும். ஊசி குத்திய இடத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு.*

மூன்றாவது சுற்றில் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்த வெங்காயம் சமையலுக்கா, இல்ல வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

* சூரியனுக்குக் கிட்டே போகும்போது பகல் நீளும், தள்ளிப் போகும்போது குறையும் என்று தயவுசெய்து யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். வடக்குப் பாதியில் பகல் குட்டையாக இருக்கும் காலமே அதுதான். தூரம் காரணமில்லை, சாய்வுதான் காரணம். இதற்கு மேல் என்னால் கத்த முடியாது.

5

பெட்டி வைத்த மார்ச்சில் எந்தப் பாதியை அழுத்தினாலும் ஒரே நேரம்தானே? ஊர் முழுக்க விளக்குகள் ஒன்றாக எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். அதன்பின் தினம் ஒன்றிரண்டு நிமிடமாகத் தெற்கு பிசகத் தொடங்கியது. ஜூனில் சூரியன் ஏழு மணிக்குத்தான் மறைந்தது. தெற்குத் தெருக்களில் விளக்கு ஐந்து மணிக்கே எரிந்தது.

தெற்கில் குடியிருப்பவர்களில் ஒருவர் விளக்குக்காரியின் நாத்தனார். கணவனின் அக்கா. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். இவள் வீட்டுத் திரைச்சீலை முதல் இவள் தலைவாரும் அழகு வரை குறை சொல்லாமல் அவருக்கு ஒரு வாரம் கழியாது.

"ஏம்மா, பட்டப்பகல்ல எங்க தெருவுல விளக்கு எரியுதே, யாருக்கு வழி காட்ட?"

"அண்ணி, அது தானா கணக்குப் போடற பெட்டி. தப்பே பண்ணாது."

"அப்ப சூரியன்தான் தப்பு பண்ணுதா?"

விளக்குக்காரி தொலைபேசியை வைத்துவிட்டாள். அண்ணி சளைக்கவில்லை. எழுத்தில் மூன்று புகார் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் யாரும் கூடவரவில்லை. அதிகப்படி வெளிச்சத்துக்காக யார் அலுவலகப் படி ஏறுவார்கள்?

(ஜூனிலேயே நேரில் போய் ஒரு நடை பார்த்திருக்க மாட்டாளா? பாத்திரம் நம்பும்படி இல்லையே என்றார், தொலைபேசியில் சுருக்கம் கேட்ட ஆசிரியர். இதையே நானும் அவளிடம் கேட்டேன். "அண்ணி கூப்பிட்டா நான் உடனே ஓடணுமா?" என்றாள். ஆசிரியருக்கு நாத்தனார் இல்லை. அவருக்கு என்ன தெரியும்?)

கோப்பு மேசை மேசையாக ஊர்ந்து செப்டம்பர் கடைசியில் ஆய்வுக்கு வந்தது. விளக்குக்காரி கைக்கடிகாரத்தோடு அந்தத் தெருவில் போய் நின்றாள். தெருவே கூடியது. சூரியன் மறைந்தது. அதே நிமிடத்தில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. யாரோ சிரித்தார்கள். "அக்கா, உனக்கு வயசாயிடுச்சு" என்றான் தம்பி, அதாவது விளக்குக்காரியின் கணவன். அண்ணி உள்ளே போனார். மறுநாள் விளக்குக்காரி கடிதம் அனுப்பினாள்: ஆய்வில் குறை ஏதும் காணப்படவில்லை. அதைத் தட்டச்சு செய்தபோது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதையும் என்னிடம் மறைக்காமல் சொன்னாள்.

6

டிசம்பரில் அந்தி ஐந்துக்கு வந்தது. தெற்கில் விளக்கு ஏழுக்கு எரிந்தது. இரண்டு மணி நேரம் கும்மிருட்டு. வந்த ஒன்றிரண்டு புகார்களுக்கும் செப்டம்பர் கடிதத்தின் நகலே பதிலாகப் போனது. அந்தப் புகார்களில் அண்ணியுடையது இல்லை. அவர் புகார் கொடுப்பதையே விட்டிருந்தார்.

ஐந்தரை மணிக்குக் கடையிலிருந்து திரும்பியபோது, சாக்கடை மூடியின் விளிம்பு தடுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. துணி வெட்டுகிற கை.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் சொன்னதை விளக்குக்காரி என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். "விளக்கு எரியலையேன்னு தோணிச்சு. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அன்னிக்கும் இப்படித்தானே சொல்லி அசிங்கப்பட்டோம்? இன்னும் பொழுது இருக்கும், நம்ம கண்ணுக்குத்தான் தெரியலைன்னு நடந்தேன்மா."

அன்று வீட்டுக்குப் போய்த்தான் விளக்குக்காரி கையேட்டைப் பிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்த வட்டம். அதற்குள் கண்டங்களும் கடல்களும் வரைந்திருந்தன.

மறுநாள் மதியத்துக்குள் பத்தொன்பது பெட்டிகளையும் திருத்தினாள். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பில் "கருவிக் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

7

இப்போது எனக்கு எரிச்சல் தரும் கட்டம்.

அண்ணியின் கையில் கட்டு இருக்கும்போதே ஒரு மாலை விளக்குக்காரி அவர் வீட்டுக்குப் போனாள், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. அண்ணி வெட்டாத துணிகளை இடது கையால் பைகளில் திணித்துக்கொண்டிருந்தார்.

"வந்தியா? இந்தப் பையிலெல்லாம் பேர் எழுதிக் குடு. திருப்பிக் குடுத்துடலாம்."

"கை சரியாயிடும் அண்ணி. டாக்டரே சொன்னாரே."

"கை சரியாயிடும். கண்ணும் நல்லாத்தான் இருக்காம், பாத்துட்டு சொல்லிட்டாங்க. அப்ப புத்திதானே போயிடுச்சு? பகலா இருட்டான்னு தெரியாதவ அடுத்தவங்க துணியில கத்திரி வைக்கலாமா?"

"அண்ணி, அந்தப் பெட்டியில..."

"பெட்டியப் பத்திப் பேசாதம்மா. உன்னை ஊரு முன்னாடி அலைய விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத."

விளக்குக்காரி பேனாவை எடுத்துப் பெயர்களை எழுதினாள். பதினோரு பைகள். எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரம் அண்ணியைக் கட்டு காட்ட அழைத்துவந்தபோதுதான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இதையெல்லாம் என்னிடம் கொட்டினாள்.

அடிப்பாவி! அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நீ பை மேல் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

8

முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள். அண்ணி அழுகிறார். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். ஆசிரியருக்குப் பிடிக்கும். அண்ணியைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

முடிவு இரண்டு: அவள் சொல்கிறாள். அண்ணி இடது கையாலேயே ஓங்கி ஒன்று... இல்லை, இது என் ஆசை.

முடிவு மூன்று: அவள் சொல்லவில்லை. அண்ணி கடையை மூடுகிறார். வருடம் முழுக்கத் தன் புத்தியைத் தானே சோதித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "இப்ப வெளிய வெளிச்சமா?" என்று கேட்டுக்கொண்டு...

இதை எழுதி முடிக்க என்னால் முடியவில்லை.

9

நேற்று விளக்குக்காரியிடம் பிரதியைக் காட்டினேன். படித்தாள். மடித்துத் திருப்பித் தந்தாள்.

"இதை இப்பக் குடுக்காத. நானே போய் சொல்லிடறேன். அப்புறம் போட்டுக்கோ."

"எப்ப சொல்லுவ?"

"சொல்றேன்."

"கடை காலி பண்ணப் போறாங்கடி."

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஆசிரியர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்.

இது அச்சாகி உங்கள் கையில் இருந்தால், ஒன்று அவள் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் வாக்குத் தவறியிருக்க வேண்டும். எது என்று நான் சொல்லப் போவதில்லை. நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எனக்கு அது வேண்டாம்.

அதனால் இந்த வேலை உங்களுக்கு. கைக்கட்டோடு ஒரு தையல்காரம்மாள் எங்காவது வாசலில் நின்று, வெளிச்சம்தானா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், கிட்டே போங்கள். கதையெல்லாம் சொல்ல வேண்டாம், வெங்காயமும் வேண்டாம். ஜூனில் நீங்கள் பார்த்தது சரி, டிசம்பரில் பார்த்ததும் சரி, தப்பு விளக்குதான் என்று மட்டும் சொல்லுங்கள். அவளோ நானோ முன்பே சொல்லியிருந்தால் அவர் இரண்டாம் முறை கேட்டுக்கொள்ளட்டும். யாராவது ஒருவர் அதை அவரிடம் சொல்லித் தொலையுங்கள்.