துணைக்கு ஒன்று

முன்பல் உடைந்து, பிறந்த வீடு திரும்பிய மகளை ஊரார் கேட்ட கேள்வி, "எப்படி உடைந்தது?" என்பதன்று, "எப்போது திரும்பிப் போகிறாய்?" என்பதே. அவளுடைய அப்பா தையல்காரர். அவரும் அதையேதான் கேட்டார்.

அவள் வண்ணமீன் கடையில் தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் உயிர் ஒன்று கிடந்தது. பல்லியைப் போன்ற உடல். தலையின் இருபுறமும் இறகாய் விரிந்த செவுள். கூடப் பிறந்ததே அதன் முன்காலைக் கடித்துத் துண்டித்திருந்தது. விலைபோகாது என்று கடைக்காரர் எறியப் போனதை அவள் கேட்டு வாங்கினாள்.

முதலில் தன் அறையில் தொட்டியை ஆயத்தப்படுத்தினாள். நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனியை அதில் அழுகவிட்டாள். கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் குடியேறும்வரை அந்த உயிர் கடை வாளியிலேயே காத்திருந்தது.

"வெறுந் தண்ணிக்குச் சோறு போடுறவள இப்பத்தான்டி பாக்குறேன்," என்றாள் அம்மா.

விழுங்கிவிடும் என்பதால் அடியில் கல் பரப்பவில்லை. நீர் சூடேறாதிருக்க ஒரு சிறு மின்விசிறி. ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு. குடிவந்த ஆக்சலாட்டலுக்கு மெல்லக் கால் முளைத்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"பாத்தியா? காலே போயும் முளைச்சிருச்சு. நீ ஒத்தப் பல்லுக்கு ஊரைக் கூட்டுற."

"கடிச்சதோடயே மறுபடி விட்டிருந்தா முளைச்சிருக்காதுப்பா."

"வாய் மட்டும் குறையல. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை கூட்டிட்டுப் போக வராரு. பெட்டியைக் கட்டு."

"நான் போகல."

"பொண்ணாப் பொறந்தவ எத்தனை நாளைக்குத் தனியா நிப்ப?"

ஞாயிறன்று விடிந்ததும் அவள் கடைக்குப் போய்விட்டாள். நண்பகலில் மாப்பிள்ளை வந்தான். கையில் நீர் நிறைந்த பை. பைக்குள் பொன்னிறத்தில், இதைப்போல் இருமடங்கு பெரிய ஆக்சலாட்டல்.

"பாவம், ஒண்டியா கிடக்குதாமே மாமா. ஜோடி கொண்டாந்திருக்கேன். உங்க பொண்ணு மனசு இளகிடும்."

அப்பாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. கேட்க வேண்டியவளைக் கேளாமல் பையைத் தொட்டிக்குள் கவிழ்த்தார்கள். மனிதருக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்த தீமையை அன்று நீர்வாழ் உயிருக்கும் செய்தார்கள். செய்துவிட்டுக் கைகழுவி உண்ண அமர்ந்தார்கள்.

மாலையில் மகள் திரும்பியபோது, சிறியதன் தலை பெரியதன் வாய்க்குள் இருந்தது. அம்மா தொட்டியருகே நின்றிருந்தாள்.

"கடிச்சதை நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேன். முதல்ல வால்... அப்புறம் செவுளு. இதுவும் ஓடி ஓடி ஒதுங்குச்சு. போகப் போக ஒத்துப்போயிடும்னு..."

சொல் பாதியில் நின்றது. புகுந்த வீட்டிலிருந்து மகள் அழுது பேசிய போதெல்லாம் அம்மா சொன்ன ஆறுதல் அதுதான்.

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஒரு பல்லி செத்ததுக்கு ஒப்பாரியா? வண்டி நிக்குது, வரச் சொல்லு!"

வாசலில் கட்டிவைத்திருந்த பெட்டியை அம்மா இழுத்துவந்து அறைக்குள் போட்டாள்.

"அவ வரமாட்டா."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இப்பத்தான் வந்திருக்கு. அந்த வீட்ல வாழணும்னா நீங்க போய் வாழுங்க. மாமனுக்கும் மருமகனுக்கும் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு."

கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்தாள். மாப்பிள்ளையின் கை கதவை அறையத் தொடங்கியது. ஒவ்வோர் அறைக்கும் அம்மாவின் தோள் அதிர்ந்தது.

மகள் செத்ததை வலையில் எடுத்துத் துணியில் சுற்றினாள். பிறகு இரத்தம் கலந்த நீரை வாளியில் மொள்ளத் தொடங்கினாள்.

"கொன்னதுக்கு எதுக்குடி தண்ணி மாத்துற?"

"இதுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவன் வெளிய நிக்கிறான்."

தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று கழன்று தரையில் உருண்டது. மகள் வாளியை வைத்துவிட்டு வந்து, அம்மாவின் அருகே கதவுக்குத் தோள் கொடுத்தாள்.