மூன்று விரல்

லாரியின் பின்கதவு இறங்கினால் கிடங்கில் எல்லோர் கண்ணும் மேஸ்திரி ஊதலின் உதட்டுக்குத்தான் போகும். அவர் சீழ்க்கை அடித்தால்தான் ஆட்கள் ஒரே மூச்சில் மூட்டையைத் தூக்க முடியும். ஒருத்தன் முந்தினால் அடுத்தவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்தச் சீழ்க்கையால் வந்ததுதான் மேஸ்திரி வேலையும் ஊதல் என்ற பட்டப்பெயரும். கொஞ்ச காலமாகச் சீழ்க்கை பாதிக்குமேல் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. காரம் பட்டால் கன்னத்துக்குள் நெருப்பு. இது அதே கிடங்கில் கூட்டிப் பெருக்கும் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இன்று கிடங்குக்குக் கல்யாணக் களை வந்திருந்தது. முதலாளி இலவச வாய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறார். வாசலில் அவர் சிரிக்கும் படம், டாக்டரின் மேஜையைவிடப் பெரியது. டீ குடிக்கப் போனால் வேலை நிற்கிறது என்று டீயை நிறுத்தி, பதிலுக்குப் புகையிலை வைத்த வெற்றிலைச் சுருளை இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரும் அவரே. வாய் மென்றுகொண்டிருந்தால் கை நிற்காது. அலுவலகத்தில் அதற்குத் தொழிலாளர் நலத் திட்டம் என்று பெயர்.

காலையிலேயே குழாயடியில் தள்ளுமுள்ளு. கறை தெரிந்தால் டாக்டர் ஃபெயில் போட்டுவிடுவார் என்று யாரோ கிளப்பிவிட, ஆளாளுக்குச் செங்கல் பொடியால் பல்லைத் தேய்த்தார்கள். ஊதலும் தேய்த்தார். ஈறெல்லாம் ரத்தம்.

"டாக்டரம்மா பாத்திரம் வாங்கவா வர்றாங்க? பளபளன்னு விளக்குறீங்க," என்றாள் மனைவி. "கன்னத்துல இருக்கறத ஒண்ணுவிடாம சொல்லணும். முதல் ஆளா நில்லுங்க."

டாக்டர் சின்னப் பெண். வந்ததும் வராததுமாக, "மூணு விரலச் சேர்த்து, நிமிர்த்தி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. போகலன்னா எங்கிட்ட முதல்ல வாங்க," என்றாள். கிடங்கு முழுக்க விரலும் வாயுமாக ஒரே கூத்து.

"உனக்கு முழங்கையே போகும்டா."

"சம்பளம் கேக்கற நாள்ல மட்டும்தான் அந்த வாய் திறக்க மாட்டேங்குது."

ஊதல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி வைத்துப் பார்த்தார். இரண்டாவது விரலே பல்லில் இடித்தது. எல்லோரையும் இடித்துக்கொண்டு வரிசையின் முன்னுக்கு வந்தார்.

மேனேஜர் அவர் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினார். "முதல் வாய் முதலாளி வாய். போட்டோ எடுக்கணும்."

முதலாளி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார், சுகாதாரத்தைப் பற்றிப் பேசினார், இரண்டுக்கும் நடுவே வெள்ளிப் பெட்டியைத் திறந்து வாசனைப் புகையிலை வைத்த சுருள் ஒன்றை அதக்கிக்கொண்டார். பிறகு அதைத் துப்பிவிட்டு, மாலையோடு நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் டார்ச் அடித்தாள். கேமரா மின்னியது.

"இன்னும் கொஞ்சம் திறங்க சார்."

"இவ்வளவுதாம்மா திறக்கும்."

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "கன்னத்துல வெள்ளைத் திட்டு இருக்கு. ஒரு ஓரம் புண்ணாயிருக்கு. சதை எடுத்துப் பரிசோதனை பண்ணணும். சீக்கிரமா."

அப்புறம் நடந்ததற்கு நிதானமே இல்லை. மேனேஜர் இரண்டு போனில் ஒரே நேரத்தில் கத்தினார். டிரைவர் ஓடினான். மாலை அறுந்தது. யாரோ டாக்டரின் பையையும் டார்ச்சையும் தூக்கிக் காருக்குள் போட்டார்கள்.

"இவங்கள எல்லாம் பார்த்துட்டு வரேனே," என்றாள் டாக்டர்.

"இவங்க எங்கம்மா ஓடிடப் போறாங்க? நீங்க ஏறுங்க," என்றார் மேனேஜர்.

"அம்மா, எனக்கு ரெண்டு விரலே போகல..." என்று ஊதல் கார்க் கதவைப் பிடித்தார். கண்ணாடிக்குள் அவள் வாய் என்னவோ சொல்லி அசைந்தது. கார் கிளம்பிவிட்டது.

புழுதி அடங்கியது. மனைவி அவரை முதலாளி உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்காரவைத்து, போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

அவள் விளக்கை அணைக்கவில்லை. "அவருக்குச் சொன்னாங்களே, அதே மாதிரிதான் இருக்கு. நாளைக்குப் பெரியாஸ்பத்திரி போறோம்."

"நாளைக்கா? நாலு லோடு வருது," என்றபடி மேனேஜர் வெற்றிலைச் சுருள் தட்டோடு வந்தார். பின்னால் லாரியின் கதவு இறங்கிவிட்டிருந்தது. "மேஸ்திரி, ஊதும்."

ஆட்கள் குனிந்து மூட்டையின் காதைப் பிடித்தார்கள். ஊதல் உதட்டைக் குவித்தார். வெறும் காற்று வந்தது. மறுபடி குவித்தார். குனிந்த முதுகுகள் குனிந்தபடியே காத்திருந்தன.

மேனேஜர் தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"போட்டுக்கும். தொண்டை திறந்துக்கும்."