சுகர் கொறஞ்சிருச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. சோணைமுத்து அண்ணன் நடத்துகிற வார இதழில் மருத்துவப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை குறைந்தது. 'தாழ்சர்க்கரை, தசைப்பிடிப்பு: சாப்பாட்டாலேயே சமாளிக்கப் பத்து வழிகள்' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டார். "மாப்ள, வியாழக்கெழம காலையில வேணும். கதை கிதைன்னு இழுத்துறாத" என்றார். நானும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து எழுதினேன்.

வழி ஒன்று: வேளாவேளைக்குச் சாப்பிடவும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக்

அவ்வளவுதான், பேனா நின்றுவிட்டது. கப்பலூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் என்றோ காதில் விழுந்த பேச்சு குறுக்கே வந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு சுகர் கொறஞ்சு கெறங்கிட்டாருக்கா" என்றாள் ஒருத்தி. "கொறஞ்சா நல்லதுதான, அதுக்கா அழுகுற?" என்றாள் மற்றவள். முதல் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனிமேரி என்று பெயர் வைத்தேன். வைத்த நிமிடத்திலிருந்து அவள் என்னைக் கட்டுரை எழுத விடவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அவனியாபுரத்தின் மேல் அந்திச் சூரியன் மெல்ல'... வேண்டாம். சூரியன் அவனியாபுரத்துக்கென்று தனியாக ஒன்றும் செய்வதில்லை.

இரண்டாம் முயற்சி: 'ஆனிமேரி கொடுமைக்காரி.' இதையும் அடித்துவிட்டேன். பொய் அது. அவள் பயந்தவள்.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன். 1997 டிசம்பரில் இன்னாசிமுத்துவுக்குச் சுகர் முந்நூற்றுப் பத்து என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். கப்பலூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் உலைக்கு முன்னால் நின்று வேர்வை சிந்துகிற மனுஷன். மனைவி ஆனிமேரி மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் பள்ளிக்கூடத்து டைப்ரைட்டரில் ஒரு சாப்பாட்டு அட்டவணை அடித்துக்கொண்டு வந்து பீரோ கதவில் ஒட்டினாள்.

வீட்டிலிருந்து சீனி வெளியேறியது. பிறகு வாழைப்பழம், இளநீர், பாதிச் சோறு. சுகர் வந்தால் பின்னாலேயே பிரஷரும் வரும் என்று யாரோ சொல்லிவைக்க, உப்பும் கிட்டத்தட்டப் போய்விட்டது. இன்னாசிமுத்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேலை முடிந்து வந்து "கெண்ட புடிச்சு இழுக்குது மேரி" என்று காலை நீட்டுவார். அவள் தைலம் தேய்த்துவிடுவாள். பச்சைத்தண்ணியில் குளிப்பதால் வருகிற பிடிப்பு என்று அவளே முடிவும் கட்டினாள்.

(சோணைமுத்து அண்ணே, வழி இரண்டு இங்கே இருக்கிறது: வேர்த்துக் கொட்டுகிற வேலைக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பையும் பழத்தையும் நிறுத்தக் கூடாது.)

பிப்ரவரியில் ரிப்போர்ட் வந்தது. சுகர் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மாதத்தில் முதல்தடவையாக ஆனிமேரி சிரித்தாள். பல் முழுக்கத் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி, எதிர்வீடு, ஸ்டாஃப் ரூம், ஒருத்தரையும் விடவில்லை. "கொறஞ்சிருச்சு! எங்க வீட்டுக்காரருக்கு சுகர் கொறஞ்சிருச்சு!"

[அடிக்குறிப்பு: எங்கள் ஊரில் இது நல்ல சேதி. காய்ச்சல், விலைவாசி, சுகர் மூன்றும் குறைவதற்கென்றே இருப்பவை. குறைய வேண்டியது ஓர் அளவோடு நிற்கவும் வேண்டும் என்று சொல்ல எங்களிடம் தனியாக ஒரு வார்த்தை இல்லை.]

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இம்புட்டுக் கறாரா ஒரு பெண்? வாசகர்கள் திட்டுவார்களே என்று அவளைக் கொஞ்சம் இளக்கிப் பார்த்தேன். 'ஆனிமேரி மனமிரங்கி இன்னொரு இட்லி வைத்தாள்' என்று எழுதினேன்.

"அண்ணே, எங்கப்பாவுக்கு சுகர்ல முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. பதிமூணு வருசம் நாந்தான் தூக்கிவச்சேன். அப்ப நீங்களா வந்து பாத்தீங்க?" என்றாள்.

இட்லியை அடித்துவிட்டேன்.

4

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. மூன்றாவது வெள்ளி, சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். பதினாலு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும். பன்னிரண்டாவதில் எல்லாரும் எழுந்தார்கள். இன்னாசிமுத்து எழவில்லை. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஆனிமேரி ஓடிவந்து காலைப் பிடித்தாள். காலைவிட முகம்தான் அவளைப் பயமுறுத்தியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. "ஷிப்ட் முடிஞ்சிருச்சா மேரி?" என்று கேட்டார். கோயிலுக்குள் இருந்துகொண்டு ஷிப்ட்டைக் கேட்கிறாரே என்று வாசலைப் பார்த்து ஆள் கூப்பிட்டாள்.

வாசலில் ஷேர் ஆட்டோ வெள்ளைத்துரை நின்றிருந்தான். அவனுக்கும் சுகர் உண்டு. உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தான். "அக்கா, அண்ணனுக்கு சுகர் கொறஞ்சிருச்சு" என்றான்.

"ஆமா தம்பி, தொண்ணூத்தெட்டு" என்றாள் ஆனிமேரி.

(சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பதிலை நான் யோசித்து எழுதவில்லை. பழக்கத்தில் அவள் வாயிலிருந்து வந்தது. அதிலும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது, பாவம்.)

"அய்யோ அக்கா, ரொம்பக் கொறஞ்சிருச்சுங்கிறேன்! இது ஆளக் கொண்டுபோயிரும்!" என்று எதிர்த்த டீக்கடைக்கு ஓடினான். ஒரு தம்ளர் தண்ணீரில் சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்தான். ஆனிமேரியின் கை தானாகக் குறுக்கே போய்விட்டது. "சீனியா? அவருக்கா?"

"குடுத்தாத்தான் இருப்பாருக்கா."

தம்ளரை வாங்கி அவர் வாயருகே கொண்டுபோனாள். இன்னாசிமுத்து வாயை இறுக்கிக்கொண்டார். "வேணாம் மேரி. ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளை சாப்பிடுகிற விரதம். "காலையில குடுத்துவிட்ட இட்லி?"

"பட்டறையில... கூட வேல பாக்குற காளைக்குக் குடுத்துட்டேன்."

"மாத்திர?"

"போட்டேன். மாத்திரைக்கு ஏது ஒருசந்தி?"

5

இங்கே நிறுத்திவிட்டு முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

முடிவு அ: அவர் வாயைத் திறக்கவில்லை. இதைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன். எழுதிவிட்டு எனக்குக் காபி இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவர் சட்டைப்பையில் திருட்டுத்தனமாக வைத்திருந்த கடலைமிட்டாய் கீழே விழுகிறது. சினிமாத்தனம். தவிர, அவர் அப்படி ஏமாற்றுகிற ஆள் இல்லை.

முடிவு இ: ஆனிமேரி கோயில் என்றும் பார்க்காமல் கத்தினாள். "ஒங்க ஒருசந்திய நான் இருந்துக்கிறேன். வாயத் தொறங்க!"

திறந்தார். அவள் குரலுக்கு இருபது வருஷமாகத் திறந்த வாய் அது.

(வழி மூன்று: நினைவோடு இருந்தால்தான் சீனித்தண்ணி. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரி. இதையாவது பெரிய எழுத்தில் போடுங்கள் அண்ணே.)

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. டீக்கடையில் இரண்டு இட்லி சாப்பிட வைத்து, வெள்ளைத்துரை ஆட்டோவிலேயே டாக்டர் பிருந்தாவிடம் போனார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாத்திரையைப் பாதியாக்கினார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும். கேப்பைக் கூழ், சுண்டல், முருங்கைக்கீரை எல்லாம் ஆகும். உலைக்குப் போகிற நாளில் உப்புப் போட்ட மோர், ஒரு சின்ன வாழைப்பழம். சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய்.

ஆனிமேரி வரி விடாமல் எழுதிக்கொண்டாள். 'மிட்டாய்' என்று எழுதும்போது கை நின்றது. "நாந்தான் இவரக் கொல்லப் பாத்தேனா டாக்டர்?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் இன்னாசிமுத்து பேசினார். "அவ மேல குத்தமில்ல. கோயில்ல வெள்ளிக்கெழம மட்டுந்தான் ஒருசந்தி இருக்கச் சொன்னாங்க. நான்தான் தெனமும் இருந்தேன்."

"எதுக்குங்க?"

"ரிப்போர்ட் வந்தன்னைக்கு நீ சிரிச்ச பாரு. இன்னங் கொஞ்சம் கொறஞ்சா இன்னங் கொஞ்சம் சிரிப்பேன்னு நெனச்சேன்."

அவள் அவர் முழங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

6

சோணைமுத்து அண்ணன் போன் செய்தார். "பத்து வழின்னு தலைப்பு வச்சா மூணுதான் தேறுது. அந்தக் கிளார்க்கம்மா யாருடா?" என்றார். திட்டித் தீர்த்துவிட்டு, "சரி, அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார். அவருக்கும் இந்தக் கதை ஒட்டிக்கொண்டுவிட்டது.

எப்படி இருக்கிறார் என்றால், ஈஸ்டர் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கெண்டை பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டு பேரும் லேப் வாசலில் நிற்கிறார்கள். மூன்று வேளையும் நடுவேளையும் சாப்பிட்ட மனுஷனின் ரிப்போர்ட் கவருக்குள் இருக்கிறது. முன்பைவிட எண் கூடியிருக்கும், எம்புட்டுக் கூடியிருக்கும் என்று தெரியாது. கூடுகிற எண்ணைப் பார்த்தால் ஆனிமேரிக்கு அப்பாவின் கால்தான் கண்ணில் நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

அவள் கவரைப் பிரித்து, தாளை இழுத்து, பார்க்கிறாள்.

இன்னாசிமுத்து தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவர் அங்கேதான் படிப்பார்.

எண்ணை நான் எழுதப்போவதில்லை. டாக்டர் ஒத்துக்கொள்கிற எந்த எண்ணை வேண்டுமானாலும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனிமேரியின் முகத்தையும் உங்களிடமே விடுகிறேன். சீக்கிரம் எழுதுங்கள், அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.