புவியீர்ப்பை ஏமாற்றுகிறவர்கள்

கொரிய நாட்டில் உயரத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆண் தான்தான் என்று கிதே அறிவித்தபோது, அவன் அக்கா சன்மி மகளுடைய தட்டில் இரண்டாம் தடவையாக வறுத்த நெத்திலியை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். விளையாட்டாக எதையும் சொல்ல வராது. மனிதனை அடிமைப்படுத்திய எல்லாம் ஒழிந்த பிறகும் இந்த அளவுகோல் மட்டும் மிச்சமிருக்கிறது, அதிலிருந்தும் நான் விடுதலையாகிவிட்டேன், நான் நூற்றெழுபது சென்டிமீட்டர், அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததே இல்லை என்றான். நினைத்தே பார்க்காத அந்த எண்ணைச் சாப்பாட்டுக்கு ஒருதடவையாவது சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

விடுமுறைக்குப் பூந்தாங் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுடைய ஏளனத்துக்குத் தீனி குறையவில்லை. அக்கா மகள் யேரினுக்கு எட்டு வயதில், குளிக்கும்போது மார்பில் சின்னக் கட்டிபோல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. இடது கையை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில், பிள்ளைக்கு எட்டு, எலும்புக்குப் பத்தரை. எலும்பு இப்படி முந்திக்கொண்டு முற்றினால் சீக்கிரமே வளர்ச்சியை நிறுத்திவிடும், பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்றார்கள். அன்றிலிருந்து மாதா மாதம் ஊசி. வயதுக்கு வருவதை வாசலிலேயே நிறுத்திவைக்கிற ஊசி. ஊசியோடு விட்டிருந்தால் கிதேவும் விட்டிருப்பான். பாலைத் தீர்த்தம்போலக் குடிக்கவைத்தார்கள். ஒன்பது மணிக்கு வீடு முழுக்க விளக்கை அணைத்தார்கள். சாயங்காலம் உடம்பு அரை விரல் குறுகிவிடுமாம், அதனால் விடிந்ததும் கழிவறைக்குக்கூட விடாமல் கதவு நிலையோடு ஒட்டவைத்து அளந்தார்கள். காரில் ஏறினால் முன்சீட்டைப் பின்னால் சாய்த்துப் பிள்ளையைப் படுக்கப்போட்டார்கள். உட்கார்ந்தால் முதுகெலும்பு அமுங்குமாம். புவியீர்ப்பிடமே பிக்பாக்கெட் அடிக்கிற குடும்பத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்றான் கிதே. பிரேதத்தைக்கூட இவ்வளவு பக்குவமாக எடுத்துப்போக மாட்டார்கள் என்றும் சொன்னான். சன்மி இன்னும் கொஞ்சம் நெத்திலி வைத்தாள்.

யேரினுக்கு மாமாவின் பேச்சு பிடித்திருந்தது. அந்த வீட்டில் அவள் பக்கம் பேசிய ஒரே ஆள் அவன். இப்போது அவளுக்குப் பத்தரை வயதாகிவிட்டது. வகுப்பில் அவளோடு ஒன்றாய் நின்ற பெண்களெல்லாம் ஒவ்வொருவராக அவள் தலைக்கு மேலே போய்விட்டார்கள். கழிவறையில் கூடி நின்று ரகசியம் பேசினார்கள், அவள் உள்ளே வந்தால் நிறுத்திக்கொண்டார்கள். சென்ற தடவையே டாக்டர் இனி ஊசியை நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார். அம்மாதான் ஒரு மாதம் யோசிக்கிறேன் என்று வாய்தா வாங்கி வந்திருந்தாள்.

"நூத்தம்பத்தஞ்சு எனக்குப் போதும் மாமா. கூரை தாழ்ந்த வீடாப் பாத்து இருந்துக்கறேன். ஊசி மட்டும் வேணாம்னு நீ சொல்றியா?"

சொல்கிறேன் என்றான் கிதே. அன்றைக்கே அக்காவிடம் பேசினான். பேசினான் என்றால், பிள்ளையின் உடம்பு பிள்ளைக்குச் சொந்தம் என்பதில் தொடங்கி முதலாளித்துவம் வரைக்கும் போனான். நகப்பூச்சுக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த சன்மி, காலை முக்காலியில் தூக்கிவைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கடையில மேல்தட்டு டப்பாவ எடுக்கக்கூட கஸ்டமரக் கூப்பிடறவ நான். நீ இல்ல. சரி விடு. எனக்கு முடியலடா. புதன்கிழமை நீயே கூட்டிட்டுப் போ. நீ டாக்டர்கிட்ட என்ன சொல்றியோ அதுதான். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

புதன்கிழமை அவன் முதலில் செய்த காரியம், காரின் முன்சீட்டை நிமிர்த்தியதுதான். மனுஷி மாதிரி உட்கார் என்றான். யேரின் முதுகை நேராக்கி, சாலையில் முதன்முதலாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிளினிக் நாலாவது மாடியில், கணக்கு டியூஷனுக்கும் ஆங்கில டியூஷனுக்கும் நடுவில் இருந்தது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி. அதன் கீழே அம்மாக்கள், கையில் பால் டப்பா, பக்கத்தில் பிள்ளைகள். ஒவ்வோர் அம்மாவும் அடுத்தவள் பிள்ளையின் உச்சந்தலையை ஓரக்கண்ணால் அளந்தாள். தரையில் சாம்பார் வாளி வைக்கக்கூட இடமில்லாத பந்தியில்கூட இவ்வளவு நெருக்கியடித்து யாரும் யாருடைய இலையையும் பார்ப்பதில்லை என்று ஒரு தமிழன் சொல்லியிருப்பான். கிதே தன் மொழியில் இவர்களைக் கோழிச்சந்தை என்று நினைத்துக்கொண்டான். மூலையில் அளக்கும் இயந்திரம். ஏறி நின்றால் மேலிருந்து ஒரு தட்டு இறங்கித் தலையைத் தொடும், பிறகு ஒரு பெண் குரல் எண்ணைச் சொல்லும். யேரின் ஏறினாள், நூற்று நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்றது. இறங்கியவள், நீயும் ஏறு மாமா என்றாள். உயரத்திலிருந்து விடுதலையானவன் மறுக்க என்ன இருக்கிறது? ஷூவைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஏறினான். தட்டு இறங்கியது, இன்னும் இறங்கியது, அவன் எதிர்பார்த்த இடத்தையும் தாண்டி இறங்கியது.

"நூற்று அறுபத்தெட்டு புள்ளி மூன்று," என்றது குரல், அறை முழுக்கக் கேட்கும்படி, பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வதுபோல.

அம்மாக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி சட்டென்று தன் மகனைப் பக்கத்தில் இழுத்து, பால் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தி அவன் வாயில் வைத்தாள். அதுதான் கிதேவுக்கு உள்ளே எங்கேயோ போய் இறங்கியது.

"மதியம் ஆயிடுச்சுல்ல," என்றான் பொதுவாக. "காலைல அளந்தா சரியா வரும்."

வரவேற்பில் இருந்த பெண், எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க என்றாள். அவள் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் அவன் சமாளித்திருப்பான்.

டாக்டரம்மாள் கைப்படத்தை வெளிச்சத்தில் வைத்து, எலும்பும் வயதும் இப்போது கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன, நிறுத்துவதற்கு இதுதான் சரியான நேரம், நூற்றைம்பத்தாறு வரைக்கும் வரலாம் என்றார். யேரின் நாற்காலியின் நுனிக்கு வந்து மாமாவைப் பார்த்தாள். வேண்டாம் என்ற ஒரு சொல் மட்டும்தான் பாக்கி. அதைக்கூட டாக்டரே பாதி சொல்லி முடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் போட்டா?" என்றான் கிதே.

"ஆறு மாசம் போட்டா ஒரு சென்டிமீட்டர் வரலாம். வராமலும் போகலாம். நான் உறுதி தர மாட்டேன்."

"ரெண்டு வருஷம் போட்டா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அப்படியெல்லாம் போடுவதில்லை என்றார்.

"அப்ப ஆறு மாசம்."

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டாக்டர் போன் போட்டார். மறுமுனையில் நகத்தை உலர்த்தும் விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு சன்மி, ஏன் என்று கேட்காமல், தம்பி என்ன சொன்னானோ அதுதான் என்றாள். யேரின் அழவில்லை. நர்ஸ் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து, தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது அவள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். முதல் சிக்னலில் கிதே, எதையோ தேடுகிறவன்போலக் குனிந்து, அவள் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தான். சீட் மெதுவாகப் பின்னால் போனது, அவளும் அதோடு போனாள். வீடு வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அடுக்குமாடியின் அடித்தளத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை. ஒரு தூணுக்கு அப்பால் யாரோ ஒருவரின் கார் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பக்கத்துக் கைப்பிடியையும் இழுத்தான். முதுகு நீள, கால்களை பெடல்களுக்கு அடியில் முடிந்தமட்டும் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

பக்கத்தில் சீட் நிமிரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, யேரின் ஊசி போட்ட கையைப் பிடித்தபடி, நேராக உட்கார்ந்து, மேலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.